பாவித்த இன்சுலின் ஊசியை எங்கே கொடுப்பது? திருகோணமலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

உவர்மலை வாணி

வணக்கம். அப்பாவுக்குச் சீனி வருத்தம். காலையும் இரவும் இன்சுலின் போட வேண்டும். மருந்தைக் கிளினிக்கில் தருகிறார்கள், சிரிஞ்சைப் பாமசியில் வாங்குகிறோம். ஊசி போடுவது அம்மாவுக்கும் எனக்கும் கைவந்துவிட்டது. பாவித்த ஊசியை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று கேட்டால்தான் ஊரில் பதில் சொல்ல ஆளில்லை.

சிரிஞ்சு வாங்கிய கடையில் கேட்டேன். விற்பது மட்டும்தான் எங்கள் வேலை என்றார்கள். ஒரு கிளினிக்கில் கேட்டேன். வீட்டிலிருந்து வருவதை எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். குப்பை வண்டியில் வரும் அண்ணாவிடம் கேட்டபோது அவர் கையுறையைக் கழற்றிக் காட்டினார். பெருவிரல் பக்கம் தேய்ந்து கிழிந்திருந்தது. "பையை அமத்தித்தான் ஏத்திறம் தங்கச்சி. உள்ளுக்குள்ள என்ன இருக்கெண்டு எங்களுக்குத் தெரியாது" என்றார். அதைக் கேட்ட பிறகு ஒரு ஊசியைக்கூடக் குப்பைப் பைக்குள் போட மனம் வரவில்லை. சலவைத் திரவம் வந்த போத்தல் ஒன்றில் சேர்த்து அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். அதுவும் நிரம்பப் போகிறது.

உங்கள் வீடுகளில் என்ன செய்கிறீர்கள்? எடுக்கிற இடம் ஏதாவது இருக்கிறதா?

சாம்பல்தீவு ரவி

நாங்கள் சருகோடு சேர்த்து வளவுக்குள் எரித்துவிடுவோம் அக்கா. மிச்சத்தைத் தென்னைக்கு அடியில் தாட்டுவிடுவோம். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்படித்தான்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி

ரவி தம்பி, அடுத்த முறை எரித்த பிறகு சாம்பலைத் தடியால் கிளறிப் பாருங்கள். சிரிஞ்சின் பிளாஸ்டிக் உருகிக் கட்டியாகக் கிடக்கும். ஊசி அப்படியே இருக்கும். சருகு நெருப்பு அதை ஒன்றும் செய்யாது. மருத்துவக் கழிவு எரிக்கிற உலைக்கு 850 பாகைக்கு மேல் சூடு வேண்டும். அங்கேயும் கிருமி சாகுமே தவிர ஊசி கரைந்து போவதில்லை, அந்தச் சாம்பலையும் கவனமாகத்தான் அகற்ற வேண்டும். உங்கள் பக்கத்து மண்ணோ மணல். ஒரு மாரி மழைக்குத் தாட்டதெல்லாம் மேலே வந்துவிடும். தென்னைக்குப் பாத்தி கட்டுகிறவர் வெறுங்காலோடுதானே நிற்பார்?

வாணி, போத்தலில் சேர்த்தது நல்ல வேலை. ஆனால் எந்தப் போத்தல் என்பது முக்கியம். தண்ணீரும் சோடாவும் வருகிற மெல்லிய போத்தலை ஊசி துளைத்துக்கொண்டு வெளியே வரும். கண்ணாடி விழுந்தால் உடையும். சலவைத் திரவம், கழிவறை கழுவும் திரவம் வருகிற தடித்த பிளாஸ்டிக், திருகு மூடியோடு இருந்தால் போதும். போட்டு முடிந்ததும், கையில் இருந்து கீழே வைக்காமல், சிரிஞ்சோடு அப்படியே உள்ளே போடுங்கள். திரும்ப மூடி மாட்டப் போகும்போதுதான் விரலில் குத்துகிறது. வார்டில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் சொல்லிக் கொடுப்பதே அதுதான். வளைக்கவும் வேண்டாம், முறிக்கவும் வேண்டாம். விரலில் குத்திச் சீனி பார்க்கிற சின்ன ஊசியும் இதற்குள்தான் போக வேண்டும். முக்கால்வாசி நிரம்பியதும் மூடியை இறுக்கி, டேப் சுற்றி, "கூரிய ஊசி, திறக்க வேண்டாம்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணவனுக்கும் மனைவிக்கும் சீனி வருத்தம் இருக்கிற வீடுகளில் ஒரே சிரிஞ்சை இரண்டு பேரும் பாவிப்பதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். 2022 இல் சாமான் தட்டுப்பாடு வந்தபோது மிச்சம் பிடிக்கிறோம் என்று இன்னும் சிலர் செய்தார்கள். தயவுசெய்து வேண்டாம். இன்சுலின் பேனாவிலும் ஊசியை மட்டும் மாற்றிவிட்டுப் பேனாவைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது. இரத்தம் பின்வாங்கிப் பேனாவுக்குள் போகும்.

பாலையூற்று செல்வன்

என் அப்பா குப்பை வண்டியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மிஸ்ஸி அம்மா சொன்ன போத்தல் முறை வீட்டுக்குள் சரி. படலையைத் தாண்டிய பிறகு நடப்பதை நான் சொல்கிறேன்.

தடித்த பிளாஸ்டிக் போத்தலுக்குக் காசு இருக்கிறது. வண்டியில் ஏறியதும் அதைப் பிரித்தெடுத்துத் தனிச் சாக்கில் போடுவார்கள். பழைய சாமான் வாங்குகிறவர் நிறுத்து எடுப்பார். உள்ளே ஏதாவது கிடந்தால் எடுக்க மாட்டார். ஆகவே யாரோ ஒருவர் மூடியைத் திறந்து கவிழ்க்கத்தான் போகிறார். ஒட்டிய தாள் அதற்குள் நனைந்து கிழிந்திருக்கும். நல்ல எண்ணத்தோடு நீங்கள் இறுக்கி மூடிய போத்தல், சாக்குக் கட்டுகிற ஒருவருடைய மடியில் கொட்டும்.

பையில் போட்டால் இன்னும் மோசம். நம் ஊர் மான்களைப் படம் எடுக்க வெளியூர்க்காரர்கள் கோட்டைக்கும் கடற்கரைக்கும் வருகிறார்கள். அதே மான் விடியற்காலையில் வாசலில் வைத்த பையைக் கிழித்துச் சோறு தேடுகிறது, பொலித்தீனையும் சேர்த்து விழுங்குகிறது. பின்னால் நாய், காகம். வண்டி வரும்போது பை இருக்காது, வீதி முழுக்கப் பரவிக் கிடக்கும். அதைக் கூட்டிக் கையால் அள்ளித்தான் ஏற்ற வேண்டும்.

அப்படி அள்ளும்போதுதான் அப்பாவின் உள்ளங்கையில் ஒரு ஊசி ஏறியது. யார் வீட்டு ஊசி, யாருக்குப் போட்டது, ஒன்றும் தெரியாது. துணியால் துடைத்துவிட்டு வேலையை முடித்த பிறகுதான் வீட்டுக்கு வந்தார். சொன்னால் அன்றைய சம்பளம் போய்விடும் என்ற பயம். இரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து ஒன்றும் இல்லை என்று சொல்லும் வரை அவர் தன் கோப்பையைத் தானே கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்தார். பேத்தியைத் தூக்கவில்லை. கோப்பையாலும் தூக்குவதாலும் எதுவும் தொற்றாது என்று டொக்டர் சொல்லியும் கேட்கவில்லை.

வாணி அக்கா, போத்தலை வண்டியில் போடாதீர்கள். எடுக்கிற இடம் என்று ஒன்று வர வேண்டும்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி

செல்வன், அப்பாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். இதை வாசிக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். வெளியில் கிடந்த ஊசி குத்தினால் உடனே ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, புளீச்சிங் தண்ணீரில் கையை விடக் கூடாது. பிறகு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது, ஏனென்றால் எச்.ஐ.வி.யைத் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. தொடங்கினால் 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும்.

எல்லோரும் எச்.ஐ.வி.க்குத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் அது தொற்றும் வாய்ப்பு குறைவு. நோய் உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால்கூட ஆயிரத்தில் மூன்று பேர் அளவுதான். ஈரல் அழற்சி (ஹெபடைட்டிஸ்) சி என்றால் நூறில் இரண்டு பேருக்கும் குறைவு. ஈரல் அழற்சி பி அப்படியல்ல. தடுப்பூசி போடாதவர் என்றால் நூறில் ஆறு பேரிலிருந்து முப்பது பேர் வரை போகும். அந்தக் கிருமி உடம்புக்கு வெளியே காய்ந்த இரத்தத்தில் ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். அதற்குத்தான் நம்மிடம் நல்ல தடுப்பூசி இருக்கிறது. இலங்கையில் குழந்தைகளுக்கு 2003 இல்தான் அதைக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் பிறந்த ஆட்கள், அதாவது இன்று வண்டியில் நிற்கிறவர்களில் பெரும் பகுதியினர், தனியாகப் போட்டிருந்தால்தான் உண்டு. மூன்று ஊசி: முதலாவது, ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து. குப்பை அள்ளுகிற ஒருவருக்குக் கையுறைக்கு முன்னால் கொடுக்க வேண்டியது இது.

நிலாவெளி விடுதிக்காரர்

எங்கள் அறைகளில் தங்குகிற வெளிநாட்டுக்காரர்களில் இன்சுலின் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிலர் தங்கள் சொந்த மஞ்சள் பெட்டியைக் கொண்டுவந்து, திரும்பக் கொண்டுபோகிறார்கள். மற்றவர்கள் "எங்கே போடலாம்?" என்று கேட்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. இப்போது கேட்கிறவர்களுக்கு மூடியுள்ள ஒரு தடித்த போத்தல் கொடுக்கிறோம். அறை கூட்டுகிற பிள்ளைகளுக்குக் குப்பை வாளிக்குள் கை விடாமல் பையோடு தூக்கச் சொல்லியிருக்கிறேன். நிரம்பிய போத்தல்கள் ஸ்டோர் அறையில் இருக்கின்றன. எனக்கும் வாணி கேட்ட அதே கேள்விதான்.

கிளாஸ்கோ மருந்தாளர்

நான் ஈச்சிலம்பற்றுப் பிள்ளை. இப்போது ஸ்கொட்லாந்தில் ஒரு பாமசியில் மருந்தாளராக இருக்கிறேன். இங்கே நடப்பதைச் சொல்கிறேன், ஊருக்கு எது பொருந்தும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இங்கே சீனி வருத்தக்காரருக்கு மஞ்சள் நிறக் கடினப் பெட்டியை மருந்துச் சீட்டிலேயே எழுதித் தரலாம். நிரம்பியதை எடுக்கும் ஒழுங்கு பகுதிக்குப் பகுதி மாறும், ஆனால் எல்லா இடத்திலும் ஏதோ ஒரு ஒழுங்கு உண்டு.

அதைவிட, எங்கள் கடையில் இன்னொரு சேவையும் இருக்கிறது. போதைப்பொருளை ஊசியால் ஏற்றுகிறவர்களுக்குப் புது ஊசி கொடுத்துப் பழையதைத் திருப்பி எடுப்பது. பெயர் முழுதாகக் கேட்பதில்லை, காசு வாங்குவதில்லை. பொதியில் ஊசி, தோலைத் துடைக்கும் துணி, பழையதைப் போட ஒரு சின்ன மஞ்சள் பெட்டி எல்லாம் இருக்கும். அந்தப் பெட்டி நிரம்பி வந்தால் அவரே கொண்டுவந்து கவுண்டருக்குப் பக்கத்தில் உள்ள பெரிய தொட்டியில் போடுவார். நாங்கள் யாரும் கையால் தொடுவதில்லை. தொட்டி நிரம்பியதும் கழிவு எடுக்க உரிமம் பெற்ற கம்பனி வந்து எடுத்துக்கொண்டுபோய் எரிக்கும். வெற்று காஸ் சிலிண்டரைக் கொடுத்துப் புதியதை எடுக்கிற மாதிரித்தான். திருப்பிக் கொண்டுவராதவருக்கும் புது ஊசியை மறுப்பதில்லை, ஏனென்றால் மறுத்தால் என்ன நடக்கும் என்பது இந்த நாட்டுக்குத் தெரியும்.

1980களின் தொடக்கத்தில் எடின்பரோவில் ஹெரோயின் பரவியது. பொலிஸ் ஊசி வைத்திருப்பவர்களைப் பிடித்தது, கடைகள் விற்பதை நிறுத்தின. ஹெரோயின் நிற்கவில்லை, ஊசிதான் அரிதாகிப் போனது. ஒரே ஊசி பலருடைய கைக்குப் போனது. அந்நகரத்துக் குடும்ப மருத்துவ நிலையம் ஒன்றில் ஊசி போடுகிற 164 பேரின் இரத்தத்தைச் சோதித்து 1986 இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப்பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. ஒரு மணித்தியாலத் தூரத்தில் உள்ள கிளாஸ்கோவில் அப்போது அந்த அளவில் பாதிக்கு அருகில்கூட இல்லை.

நெதர்லாந்திலும் இப்படித்தான். அம்ஸ்டர்டாமில் நகர நடுவில் இருந்த ஒரு பாமசி ஊசி விற்பதை நிறுத்தியதும், ஈரல் அழற்சி பரவும் என்று பயந்து போதைப்பொருள் பாவிப்பவர்களின் சங்கமே முன்வந்து கேட்டு, 1984 இல் ஊசி மாற்றும் சேவையைத் தொடங்கிவைத்தது. நியூசிலாந்து 1988 இல் பாமசிகளையும் சேர்த்து நாடு முழுக்கச் செய்தது. போர்த்துக்கல் 1993 இல் பாமசிகள் வழியாகவே தொடங்கியது. கவனித்துப் பாருங்கள், எல்லாக் கதையிலும் ஒரு மருந்துக் கடைக்காரர் விற்பதா விடுவதா என்று எடுத்த முடிவு இருக்கிறது.

கிண்ணியா நானா

அஸ்ஸலாமு அலைக்கும். இன்சுலின் ஊசியைப் பற்றி எழுதியதெல்லாம் சரி. கடைசியாக எழுதிய தம்பி சொன்னதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எங்கள் பக்கத்தில் ஐஸ் போதையும் பவுடர் என்கிற ஹெரோயினும் எத்தனை குடும்பங்களை அழித்திருக்கிறது என்று கிளாஸ்கோவில் இருந்து தெரியாது. என் தெருவில் ஒரு பிள்ளை தாயின் தாலிக்கொடியைக்கூட விட்டுவைக்கவில்லை. அப்படியிருக்கும்போது கடையில் புது ஊசியை இலவசமாகக் கொடுத்தால், "பரவாயில்லை, நீ செய்" என்று பெரியவர்களே சொன்ன மாதிரி ஆகாதா? பள்ளிவாசலில் நாங்கள் ஒன்று சொல்ல, பாமசியில் இன்னொன்று நடக்கலாமா?

கிளாஸ்கோ மருந்தாளர்

வ அலைக்கும் ஸலாம் நானா. உங்கள் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் கவுண்டருக்கு வருகிற எவரும் ஊசி கிடைக்கிறது என்பதற்காக அந்தப் பழக்கத்தைத் தொடங்கியவர் இல்லை. அவர்கள் தொடங்கி வருடக் கணக்காகிறது. வீட்டார் கைவிட்ட பிறகும் அவர்களோடு வாரந்தோறும் முகம் பார்த்துக் கதைக்கிற ஒரே சுகாதார ஊழியர் நான்தான் என்று சொல்லக்கூடிய சிலர் இருக்கிறார்கள். "காலில் புண் இருக்கிறது, பார்க்கிறீர்களா?" என்று தொடங்கி, "இதை விட வேண்டும், எங்கே போகலாம்?" என்று கேட்கிற நாளும் வருகிறது. ஊசி மாற்றும் சேவையால் போதைப் பாவனை கூடியதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2004 இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது.

பாமசிக்காரன், திருமலை

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில், நம் நாட்டு நிலைமையையும் வெளிநாட்டு நிலைமையையும் குழப்பக் கூடாது. இங்கே ஹெரோயின் பாவிக்கிறவர்களில் பெரும்பாலானோர் புகையாகத்தான் இழுக்கிறார்கள். ஊசி போடுகிறவர்கள் குறைவு. கிளாஸ்கோ தம்பி சொல்கிற சேவை இங்கே பாமசிகளில் இல்லை. என் கடையில் விற்கிற சிரிஞ்சில் பெரும் பகுதி சீனி வருத்தக்காரருக்கே போகிறது. ஆகவே குப்பையில் கிடக்கிற ஊசியைக் கண்டதும் "பவுடர்காரன்" என்று கத்துவது நியாயமில்லை. அநேகமாக அது யாரோ ஒரு அம்மம்மாவின் ஊசி.

ஆனால் நானா, இரவு கடை பூட்டுகிற நேரம் ஒரு பையன் வந்து ஒரேயொரு சிரிஞ்சு கேட்பதும் நடக்கிறது. கண்ணைப் பார்க்க மாட்டான். நான் என்ன செய்ய வேண்டும்? கொடுக்காவிட்டால் அவன் திருந்தப் போவதில்லை, வேறொருவன் பாவித்ததைத்தான் எடுப்பான். கொடுத்தால் அயல் கடைக்காரர் என்னைப் பார்க்கிற பார்வை வேறு. நான் கொடுக்கிறேன். கொடுக்கும்போது பையில் 1927 என்று எழுதிவிடுகிறேன். அபாயகர மருந்துகள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம் அது. கூப்பிட்டானா என்று எனக்குத் தெரியாது.

இனி வாணி கேட்டதற்கு வருகிறேன். பாமசியில் பாவித்த ஊசியைத் திருப்பி எடுக்க எனக்கு மனம் இருக்கிறது. எடுத்த பிறகு யாரிடம் கொடுப்பது? என் கடைப் பின்பக்கத்தில் குவிந்தால் அதுவே குற்றமாகிவிடும். தொட்டி வாங்கலாம், அது பெரிய செலவில்லை. என் பெடியன்களுக்கு ஈரல் அழற்சித் தடுப்பூசி போடலாம். எரிக்கிற இடத்துக்குக் கொண்டுபோகிற வண்டிதான் இல்லை. அதைச் சுகாதாரத் திணைக்களம் ஒழுங்கு செய்தால் நாளைக்கே தொட்டி வைப்பேன். "விற்பது மட்டும்தான் எங்கள் வேலை" என்று வாணிக்குச் சொன்ன கடையும் இதனால்தான் அப்படிச் சொல்லியிருக்கும்.

மூதூர் ஆசிரியை

திருமலைப் பட்டினத்தில் தொட்டி வைத்தால் மூதூரில் இருந்து யார் போத்தலைக் கொண்டு வருவார்? பஸ்ஸில் ஊசிப் போத்தலோடு ஏறுவது ஒன்றும் நல்ல காரியமில்லை. எங்களுக்கு மிட்வைஃப் வருகிற கிளினிக் நாள்தான் வசதி. அது வரும் வரை தூரத்துக் கிராமங்களில் என்ன செய்யலாம், மிஸ்ஸி?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி

டீச்சர், வேறு வழியே இல்லாத இடத்தில் சீமெந்து முறை இருக்கிறது. முக்கால்வாசி நிரம்பிய போத்தலுக்குள் சீமெந்துக் கரைசலை ஊற்றி இறுக விட்டு, பிறகு மூடியை அடைத்து, கிணற்றுக்குத் தூரமாக, பிள்ளைகள் விளையாடாத இடத்தில் ஆழமாகத் தாழ்க்க வேண்டும். இறுகிய பிறகு எவரும் கவிழ்க்க முடியாது, எடைக்கு விற்கவும் முடியாது. சின்ன நிலையங்களுக்கு உலக சுகாதார நிறுவனமே சொல்லிக் கொடுக்கிற வழி இது. கரைசலைத் தண்ணியாகக் கரையுங்கள், இல்லாவிட்டால் சிரிஞ்சுகளுக்கு இடையில் இறங்காது. ஊற்றும்போது போத்தலைக் கையால் பிடிக்காமல் ஒரு வாளி மணலில் நிறுத்தி வையுங்கள்.

நானாவுக்கும் ஒரு வார்த்தை. தொட்டி வைத்தால் யார் கொண்டுவந்தார் என்று கேட்கக் கூடாது. அது அம்மம்மாவின் ஊசியா, அந்தப் பையனின் ஊசியா என்று கேட்கத் தொடங்கினால் பையன் வர மாட்டான், அவன் ஊசி கடற்கரை மணலில் கிடக்கும். திருக்கடலூரில் கரைவலை இழுக்கிறவர்கள் செருப்புப் போட்டுக்கொண்டா இழுக்கிறார்கள்?

கிண்ணியா நானா

மிஸ்ஸி, கரைவலை என்றதும் என் மச்சானின் கால்தான் நினைவுக்கு வந்தது. அவனும் கடலோடு பிழைக்கிறவன்.

சரி. பாவித்ததைத் திருப்பி எடுப்பதற்கு நான் எதிரில்லை. யார் கொண்டுவந்தாலும் எடுக்கட்டும், பெயர் கேட்க வேண்டாம். புது ஊசியைப் போதைக்காரருக்கு இலவசமாகக் கொடுப்பதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. அதைக் கதைக்க வேண்டியது டொக்டர்மாரும் பெற்றோரும் சேர்ந்து. இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டால் கிண்ணியாவில் கையெழுத்து வாங்க ஏலாது.

கிளாஸ்கோ மருந்தாளர்

எனக்கு நானாவோடு கருத்து வேறுபாடு இருக்கிறது, ஆனால் திருப்பி எடுக்கும் தொட்டி முதலில் வரட்டும் என்பதில் இல்லை. கிருமியைப் பொறுத்தவரை புது ஊசி கிடைப்பதுதான் பெரிய காப்பு, அதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். குப்பை அள்ளுகிறவருக்கும் வலை இழுக்கிறவருக்கும் காப்பு அந்தத் தொட்டி.

தொட்டி வாங்கும்போது ஒரு விடயத்தைப் பாருங்கள். வாயில் ஒருவழி மூடி இருக்க வேண்டும், போட்டதைத் திரும்பக் கை விட்டு எடுக்க முடியாதபடி. சுவரில் அல்லது மேசையில் பூட்டி வையுங்கள். கவுண்டருக்கு உள்ளே வேண்டாம், வருகிறவர் தானே போடுகிற பக்கத்தில் வையுங்கள்.

பாலையூற்று செல்வன்

நிறத்தையும் எழுதுங்கள். ஆஸ்பத்திரிகளில் கூரிய கழிவுக்கு மஞ்சளில் சிவப்புக் கோடு. அப்பாவும் கூட வேலை செய்தவர்களும் எழுத்தை வாசிக்காவிட்டாலும் அந்த நிறத்தைக் கண்டால் கை வைக்க மாட்டார்கள். வீட்டுப் போத்தலுக்கும் மஞ்சள் டேப்பும் ஒரு சிவப்புக் கோடும் போட்டால் அதே பழக்கம் வரும்.

உவர்மலை வாணி

எல்லோருக்கும் நன்றி. பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் கொடுக்க இப்படி எழுதியிருக்கிறேன். பிரதியை நகரத்துச் சபைக்கும் கொடுப்போம்.

"வீடுகளில் இன்சுலின் போடுகிறவர்களின் பாவித்த ஊசிகளை எடுக்க எங்கள் மாவட்டத்தில் ஒழுங்கு இல்லாததால் அவை வீட்டுக் குப்பையோடு சேர்ந்து, கழிவு அகற்றும் ஊழியர்களின் கைகளிலும் கடற்கரையில் நடப்பவர்களின் கால்களிலும் குத்துகின்றன. விருப்பமுள்ள பாமசிகளிலும், தூரத்துக் கிராமங்களில் கிளினிக் நாட்களிலும், மஞ்சள் நிறத்தில் சிவப்புக் கோடிட்ட தொட்டிகளை வைக்க அனுமதி தந்து, அவற்றை ஆஸ்பத்திரிக் கழிவோடு சேர்த்து எடுத்து அழிக்க வண்டி ஒழுங்கு செய்து தருமாறு கேட்கிறோம். ஊசி கொண்டுவருபவரிடம் பெயரோ காரணமோ கேட்கக் கூடாது. கழிவு அகற்றும் ஊழியர் அனைவருக்கும் ஈரல் அழற்சி பி தடுப்பூசி மூன்றும் போடப்பட வேண்டும். வேலை நேரத்தில் ஊசி குத்திச் சிகிச்சைக்குப் போகிறவருக்கு அன்றைய சம்பளம் வெட்டப்படக் கூடாது."

கடைசி வரி செல்வனின் அப்பாவுக்காகச் சேர்த்தது. ஏதாவது குறை இருந்தால் சொல்லுங்கள்.

பாமசிக்காரன், திருமலை

"விருப்பமுள்ள பாமசிகள்" என்பதோடு "பதிவு பெற்ற மருந்தாளர் உள்ள" என்று சேர்த்துவிடுங்கள். அதிகாரிகள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். எங்கள் கடைப் பெயரை முதல் ஆளாகப் போடலாம், முத்திரையும் குத்தித் தருகிறேன்.

மூதூர் ஆசிரியை

சிங்கள மொழிபெயர்ப்பு நான் செய்து தருகிறேன். கந்தளாயிலும் சேருவிலவிலும் உள்ளவர்களுக்கும் இது தேவைதானே.

கிண்ணியா நானா

வாசித்தேன். கையெழுத்துப் போடுகிறேன். ஜும்ஆ முடிந்து வருகிறவர்களிடம் வாங்க மூன்று வெற்றுத் தாள் கூடுதலாக அனுப்புங்கள் தங்கச்சி, கீழே பெயர், கிராமம் இரண்டுக்கு மட்டும் கோடு போட்டால் போதும். அடையாள அட்டை இலக்கம் கேட்டால் ஆட்கள் பின்வாங்குவார்கள்.

உவர்மலை வாணி

அனுப்புகிறேன் நானா. அடையாள அட்டைக் கட்டத்தை எடுத்துவிட்டேன்.